வாசனையில்லாத சவர்க்காரம்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்கள் மொழிக்கழகச் செயலவைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. எல்லையில் காவல் புரியும் ராணுவ வீரர்களுக்குத் தீபாவளி அன்பளிப்பாகப் பொட்டலங்கள் அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் சவர்க்காரம், பற்பசை, சவரக் கத்தி, ஷாம்பு, பவுடர் என்று அன்றாடம் உடலைத் துப்புரவாக வைத்துக்கொள்ளத் தேவையான பொருள்கள் இருக்கும். நல்ல திட்டம்தான். "யாருக்காவது ராணுவத்தில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா? என்ன தேவைப்படும் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே" என்றார் தலைவர்.

மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர் அமர்ந்திருந்தோம். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் கூடப்பிறந்த அண்ணன் அன்றைக்குக் கிரிக்கிற்கு வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டில் காவல் பணியில் இருந்தார்.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் விடுதித் தோழிகள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது, "அண்ணன் அரசாங்க வேலையில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. ஆனால் கேட்டவர்கள் ஏதோ ஓர் இலாகாவில் குளிர்சாதன அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரியைக் கற்பனை செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு ஆண்டுகள். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஈப்போ, புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்த குடும்பம். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியான கதை நம்மில் பலருக்கும் உண்டு. அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அண்ணன் எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து போனார்கள். "வேற வேலையா கிடைக்கல?" என்றார் அத்தை. "அங்க போய் புள்ள என்னத்தத் திம்பான்?" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. பிற்பாடு பெண் பார்க்கத் தொடங்கியபோது ஒரு வீட்டில், "பட்டாளத்துக்காரனுக்குக் கொடுத்தா, கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு எங்க வீட்லதான் இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அம்மா அன்று இரவு சமைக்கவில்லை. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் என் பங்குக்கு நானும் அண்ணனை மறைத்தேன்.

சரி, பொட்டலங்களுக்கு வருவோம். 120 பொட்டலங்கள் தயாராயின. ஆதரவாளர் ஒருவர் பொருள்களை அள்ளிக் கொடுத்தார். மல்லிகை மணக்கும் சவர்க்காரம், கூந்தலுக்குப் பளபளப்புத் தரும் ஷாம்பு, முகத்தை வெளுப்பாக்கும் என்று நம்ப வைக்கும் பசை, முடிக்குப் பூசும் ஜெல். ஒட்ட வெட்டிய தலைக்கு ஜெல் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று அதையும் மடித்து உள்ளே வைத்தேன். ஒரு வாழ்த்து அட்டை, தேசியக் கொடி பதித்த நாடா, குழுப்படம். பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன. எங்கள் முகநூல் பக்கத்தில் பாராட்டுகள் குவிந்தன.

பத்து நாள் கழித்து அண்ணன் முகாமுக்குத் திரும்பித் தொலைபேசியில் அழைத்தபோது அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மல்லியப்பூ சவர்க்காரமா? அதப் போட்டுக்கிட்டு காட்டுக்குள்ள போனா, எங்கள யாரும் தேடவே வேணாம் பாப்பா. மோப்பம் புடிச்சிக்கிட்டே வந்துருவாங்க."

வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. மழைக்காட்டுக்குள் காற்று அசையாமல் நிற்கும். மண், அழுகும் இலை, ஈரம் ஆகியவற்றின் மணத்துக்குப் பழகிய மூக்குக்கு வாசனைச் சவர்க்காரமும் தலைக்குப் பூசும் கிரீமும் சிகரெட் புகையும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதனால் காட்டு ரோந்தில் தேர்ந்த படைகள் புறப்படுவதற்கு முன்பே இவற்றை விலக்கிவிடும். சவரமும் அப்படித்தான். வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டில் கத்தி பட்ட சிறு கீறல்கூடச் சீழ்ப்பிடித்துப் புண்ணாகிவிடும். முகாமில் தினமும் காலையில் மழமழவென்று சவரம் செய்தே ஆகவேண்டிய அதே சிப்பாய், ரோந்து முடிந்து தாடியோடு வெளியே வருவதன் காரணம் இதுதான். நாங்கள் அனுப்பிய பெட்டியில் பாதி முகாமுக்கே வேண்டாதது. மீதி காட்டுக்கு ஆகாதது.

இந்தப் பாடத்தை உலகப் படைகள் கற்றுக்கொண்ட இடங்களில் எங்கள் ஊர்ப்பக்கமும் ஒன்று என்பதைப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட், எல்பில் தோட்டத்தின் நிர்வாகி ஆர்தர் வாக்கர் சுடப்பட்டார். சற்று நேரத்தில் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயான் கிறிஸ்டியன் ஆகிய இருவரும் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. பத்து காஜாவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் அந்தக் காலத்தில் மாண்ட தோட்டத்துரைமார், படைவீரர்களின் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். அதே ஆண்டுகளில் அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் கதையைப் படிக்கக் கல் இல்லை. வீட்டில் கேட்டால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் கேட்டால் கிடைப்பது தாத்தாவின் கதை. தாத்தா தோட்டத்து நாவிதர். (இதை எழுதும்போதும் பேனா கொஞ்சம் தயங்கியது. லயத்துக்கு லயம் சாதி தெரிந்த தோட்ட வாழ்க்கையில் அந்தத் தொழிலுக்கு என்ன மரியாதை என்று வயதானவர்களுக்குத் தெரியும். அண்ணனை மறைத்தவள் தாத்தாவையும் மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) தோட்டத்தில் படைப்பிரிவு வந்து தங்கும்போதெல்லாம் சிப்பாய்களுக்கு முடிவெட்ட அவரைக் கூப்பிட்டனுப்புவார்களாம். கூர்க்காக்களுக்குச் சுற்றிலும் ஒட்ட வழித்துவிட்டு, உச்சியில் மட்டும் ஒரு சிறு குடுமியைத் தொடாமல் விட வேண்டும். தெரியாமல் கத்தியை ஓட்டிவிட்டால் அவ்வளவுதான். தாத்தாவுக்கு நேப்பாளி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு விரலை உச்சந்தலையில் வைத்துக் காட்டுவார்களாம், தாத்தா தலையாட்டுவாராம். பேச்சுவார்த்தை முடிந்தது.

கூலியாகச் சில சமயம் காசு, சில சமயம் ஒரு டின் பால். ஆனால் 1951க்குப் பிறகு உணவுக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகக் கடைக்காரர்கள் டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். முழு டின்னோடு லயத்துக்குத் திரும்பினால் சோதனைச் சாவடியில் யாருக்குக் கொண்டு போகிறாய் என்ற கேள்வி வரும். எனவே தாத்தா சிப்பாய் கையாலேயே டின்னில் இரண்டு ஓட்டை போடச் சொல்லி, ஒழுகாமல் விரலால் அடைத்துக்கொண்டே நடந்து வருவாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த விரலை நடித்துக் காட்டுவார். அன்போடு கொடுத்த டின்தான். வாங்குபவரின் நிலைமை தெரியாமல் கொடுத்திருந்தால் அது அவரைச் சிறையில் கொண்டு போய்ச் சேர்த்திருக்கும்.

கொடுப்பதற்கு முன் கேட்கும் வழக்கம் புதியதும் இல்லை. முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் இளவரசி மேரியின் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் போர்முனையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக ஒரு பித்தளைப் பெட்டி அனுப்பினார்கள். பெட்டி ஒன்றுதான், உடன் சென்ற பொருள்கள் எல்லோருக்கும் ஒன்றில்லை. புகைப்பவருக்குச் சிகரெட்டும் புகையிலையும் குழாயும். புகைக்காதவருக்குப் புளிப்பு மிட்டாயும், தாள், உறை, பென்சில் அடங்கிய எழுதும் பையும். புகையிலையைத் தொடாத சீக்கியருக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள்களும். தாதியருக்குச் சாக்லேட். இத்தனைக்கும் அனுப்பியது ஒரு பேரரசு. அந்தச் சிப்பாய்களைத் தன் சொந்தப் பிள்ளைகளாக அது நினைத்தது என்று யாரும் வாதிட மாட்டோம். பஞ்சாபிலிருந்து வந்தவன் சிகரெட் பிடிப்பானா என்று விசாரிக்கும் அளவுக்காவது அதற்குப் புத்தி இருந்தது. நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, கையில் புலனமும் மின்னஞ்சலும் இருந்தும், நாங்கள் விசாரிக்கவில்லை.

சவரக் கத்திக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவே தனிக்கதை. 1916 அக்டோபர் வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் மேலுதட்டை மழிக்கக்கூடாது என்பது விதி, மீசை கட்டாயம். ஆனால் முகவாயை மழிப்பது கட்டாயமாகவே இருந்தது. அதே போரில் விஷவாயு வந்தது. வாயுக் கவசம் கன்னத்தோடு இறுக ஒட்ட வேண்டும், இடையில் தாடி இருந்தால் வாயு உள்ளே கசியும். சவரம் அழகுக்கு என்பது போய் உயிருக்கு என்றானது. 1918இல் அமெரிக்க ராணுவம் ஜில்லெட் நிறுவனத்திடம் வாங்கிய சவரக் கத்திகள் சுமார் 35 லட்சம். போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டு போனார்கள். நம் வீட்டு ஆண்கள் இன்று காலையில் கண்ணாடி முன் நின்று செய்யும் வேலைக்கும் அந்தப் பதுங்குகுழிகளுக்கும் சம்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் தாடிக்கு அனுமதி தந்தது 2024இல்தான். நம் நாட்டில் சீக்கிய வீரர்கள் தாடியோடும் தலைப்பாகையோடும் பணிபுரிவது நாம் அறிந்ததே.

போர்ட்டிக்சன் பயிற்சி முகாமில் முதல் நாளே அண்ணனின் முடி போனது. அவர் அதற்குக் கவலைப்படவில்லை. நாவிதர் பேரன் அல்லவா, கத்தி ஓடிய விதம் சரியில்லை என்றுதான் குறைபட்டார். அதன்பின் மாதக்கணக்கில் அவருடைய காலைப்பொழுது ஒரு துண்டின் மேல் நடந்தது. கட்டிலில் துண்டை விரித்து, அதன் மேல் பல்துலக்கி, சவரக் கத்தி, சீப்பு, சவர்க்காரப் பெட்டி எல்லாவற்றையும் அளந்து வைத்ததுபோல் அடுக்கி வைக்க வேண்டும். பயிற்சியாளர் வந்து பார்ப்பார். கத்தியில் ஒரு மயிர் ஒட்டியிருந்தாலும் தண்டனை. இதென்ன அற்பத்தனம் என்று நான் கேட்டேன். "கத்தியத் துடைக்காதவன் துப்பாக்கியையும் துடைக்க மாட்டான்னு அவங்க நெனப்பு" என்றார். அது முழுக்கச் சரியா என்று எனக்குத் தெரியவில்லை. என் அறையைப் பார்த்தால் அண்ணனின் பயிற்சியாளருக்கு நான் பட்டம் பெறுவேன் என்ற நம்பிக்கையே வராது.

ராணுவ வாழ்க்கை என்றால் நாம் திரைப்படத்தில் பார்த்த துப்பாக்கிச் சண்டையை நினைக்கிறோம். அண்ணன் சொல்லும் ராணுவ வாழ்க்கையில் பெரும்பகுதி துவைப்பது, காயப்போடுவது, காத்திருப்பது, பாதத்தைக் கவனிப்பது. ஆம், பாதம். ஈரக் காலணிக்குள் நாள் முழுக்க ஊறிய கால் வெளுத்துத் தோல் உரிந்துவிடும். நடக்க முடியாத சிப்பாயைக் காட்டிலிருந்து மற்றவர்கள்தான் சுமந்து வர வேண்டும். அதனால் முகத்துக்குப் போடும் பவுடரைவிடக் காலுக்குப் போடும் பவுடர்தான் அவர்களுக்குப் பெரிது. காய்ந்த காலுறை ஒரு ஜோடி இருந்தால் அவன் பணக்காரன். அப்புறம் நகவெட்டி, அது எப்போதும் தொலைந்துபோகும். முகத்தில் பூசும் பச்சை, கறுப்புச் சாயத்தை முகாமுக்குத் திரும்பியதும் அழிக்கத் தேங்காய் எண்ணெய் நல்லது. இவற்றில் ஒன்றுகூட எங்கள் 120 பொட்டலங்களில் இல்லை.

இன்னொன்றும் இல்லை. எல்லாப் பொட்டலங்களிலும் ஆண்களுக்கான பொருள்கள்தாம் இருந்தன. நம் ராணுவத்தில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது செயலவையில் பாதிக்கும் மேல் பெண்களாக இருந்த எங்களுக்கே உறைக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டியது ரிசர்வ் அதிகாரிகளுக்கான பாலாப்பெஸ் பயிற்சியில் இருக்கும் என் தோழி. கறுப்பு ஊசி, கொண்டை வலை, மாதவிலக்குத் துணி ஆகிய மூன்றும் இருந்தால்தான் தொப்பிக்கடியில் ஒரு நாளை நிம்மதியாக ஓட்ட முடியும் என்று விளக்கினாள். அவள் மூன்று ஆண்டுகளாக அணிவகுப்பு முடிந்து வியர்வையோடு எங்கள் கூட்டத்துக்கு ஓடி வருகிறாள். நாங்கள் அவளிடமும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் நாம் வீரர்களைப் போற்றாதவர்கள் இல்லை. நம் பேச்சுப்போட்டி மேடைகளில் நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் வராத ஆண்டு உண்டா? நானே பேசியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். ஷாநவாஸ் கான் தலைமையிலான சுபாஷ் படைப்பிரிவு 1943 செப்டம்பரில் நம் தைப்பிங்கில்தான் அமைக்கப்பட்டது. 1927இல் ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் பதின்ம வயதில் தம் சகோதரியுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பின்னாளில் ஆசிரியையாகி, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். ஜானகி ஆதி நாகப்பன் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்ததை மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. காதணி வரை சொல்கிறோம். அதற்கு அப்பால் போவதில்லை. அந்தப் படையின் பழைய புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். தொப்பிக்குக் கீழே பல பெண்களுக்கு முடி கழுத்தோடு நிற்கிறது. நீண்ட கூந்தலே பெண்ணுக்கு மதிப்பு என்றிருந்த காலத்தில், நேர்த்திக்கடனுக்கு அன்றி முடியில் கத்தி வைக்காத வீடுகளிலிருந்து வந்த பெண்கள். அதை யார் வெட்டினார்கள், வெட்டியபின் அம்மா பார்த்து என்ன சொன்னார், பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் சவர்க்காரம் எங்கே கிடைத்தது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. 1944இல் இம்பால் முனையிலிருந்து பின்வாங்கிய இந்திய தேசிய ராணுவத்தினரைக் குண்டுகளைவிட அதிகமாக அழித்தவை மலேரியாவும் சீதபேதியும் பசியும். குளிக்கவும் துவைக்கவும் மருந்து போடவும் வழியற்றுப் போன படை அது. மேடையில் இதைச் சொன்னால் கைத்தட்டல் வராது என்பதால் விட்டுவிடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எண்பது ஆண்டுக்கு முந்திய சிப்பாயைத் தெய்வமாக்கிவிட்டு, இன்றைய சிப்பாய்க்குப் பெண் கொடுக்க மறுக்கிறோம். என் வருத்தம் இதில்தான் இருக்கிறது.

இதை நண்பர்கள் சிலரிடம் பேசியபோது இரண்டு மறுப்புகள் வந்தன. முதலாவது, அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, முகாமுக்குள் கடை இருக்கிறது, மாணவர்கள் ஏன் சவர்க்காரம் வாங்கித் தர வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. உண்மையில் அண்ணனுக்குச் சவர்க்காரம் வாங்கப் பணமில்லாமல் இல்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. ராணுவத்தில் நம்மவர் எண்ணிக்கை மிகக் குறைவு. பதவி உயர்வு, உணவு, வழிபாடு என்று பல மனக்குறைகள் பேசப்படுகின்றன. அவற்றைப் பேசாமல் பொட்டலம் கட்டுவது கண்துடைப்பு என்றார் ஒரு மூத்த மாணவர். அவற்றைப் பேசத்தான் வேண்டும். மலாய்க்காரர் அல்லாதோர் அதிகமாகச் சேர வேண்டும் என்று அமைச்சர்களே பலமுறை அழைத்திருக்கிறார்கள் என்றால், ஏன் சேரவில்லை என்று அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அத்தையின் கேள்விக்கும் பெண் வீட்டார் பதிலுக்கும் எந்த அமைச்சும் பொறுப்பில்லை. என் மௌனத்துக்கும் பொறுப்பில்லை. அந்தப் பங்கு நம்முடையது. 2004இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்ப வந்தபோது, பிள்ளைக்கு என்ன வாங்கி அனுப்புவது என்று சில பெற்றோர் கலங்கியதைப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பட்டாளத்துக்காரர் இல்லை. இருந்திருக்கலாம், சொல்லிக்கொள்ளவில்லை.

கடையில் கிடைக்காதது என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "புந்தோங் கச்சாங் பூத்தே" என்றார். பிறகு, "எதாவது தமிழ்ல எழுதி அனுப்பு. நாள் முழுக்க தமிழே காதுல விழாத நாளெல்லாம் இருக்கு" என்றார். இரண்டாவதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். தமிழ் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு, ஆறு ஆண்டுகளில் அண்ணனுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புலனத்தில் அனுப்பியதெல்லாம் "சாப்டியா", "காசு வந்துச்சு" போன்றவைதாம்.

இந்த ஆண்டு மீண்டும் அதே திட்டம் செயலவைக்கு வந்தது. தலைவர் மாறியிருந்தார், கேள்வி மாறவில்லை. "யாருக்காவது ராணுவத்தில்..." என்று அவர் முடிப்பதற்குள் கையைத் தூக்கினேன். அண்ணன் சாதாரணச் சிப்பாய் என்றும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றும் சொன்னேன். நான் பயந்ததுபோல் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொருளாளர், தன் அப்பா லுமுட் கடற்படைத் தளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் சித்தப்பா ரெஞ்சர் படையில் இருக்கிறார் என்றாள். இருவருமே கடந்த ஆண்டும் அதே மேசையில் அமர்ந்திருந்தவர்கள்.

பொருளாளரின் அப்பா கடந்த வாரம் எங்களோடு உட்கார்ந்து பட்டியலைத் திருத்திக் கொடுத்தார். ஜெல்லையும் முகப்பசையையும் அவர் கோடு போட்டு அடித்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இம்முறை 60 பொட்டலங்கள்தாம். வாசனையில்லாத சவர்க்காரம், காலுக்குப் பவுடர், இரண்டு ஜோடி காலுறை, மூடி உள்ள சவரக் கத்தி, சிறிய புட்டியில் தேங்காய் எண்ணெய், ஊசி நூல், தண்ணீர் புகாத பை. பெண்களுக்கானவை தனியாக, தோழி சொன்ன கணக்குப்படி. தமிழ் வாசிப்பவர்களுக்கு ஒரு கடிதமும் கழகத்தின் பழைய மலர் ஒன்றும். முன்னாள் மாணவர்களில் இதைப் படிப்பவர் யாருக்கேனும் சீருடையில் அண்ணனோ அக்காவோ மாமாவோ இருந்தால், எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்ல ஆள் போதவில்லை.

அண்ணனுடைய பொட்டலம் வீட்டிலிருந்து தனியாகப் போகிறது. கச்சாங் பூத்தேயை அம்மா இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டார். கடிதம் நான்கு பக்கம் வந்திருக்கிறது. தாத்தாவின் பால் டின்னைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல எழுதியது ஒரு பக்கம். நகவெட்டிதான் இன்னும் வாங்கவில்லை. சனிக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.